ஆண்டுதோறும் புதிதாக: மெக்சிகோவின் இறந்தோர் படையல், அதன் பாணிகளும் தரமும்

மலர்க் குழுவின் வேண்டுகோளை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை நிமித்தம் மெக்சிகோவில் வாழ்ந்து, அங்கே கண்ட கைவினைகளில் ஒன்றையாவது கற்றுக்கொண்டு திரும்பியவர்கள் சேர்ந்து வளர்த்தது நம் வட்டம். தாள் வெட்டுவோர், சர்க்கரை வார்ப்போர், காகிதக்கூழ் பிசைவோர், ரொட்டி சுடுவோர் என்று நம்மில் பல கைகள் உண்டு. ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஓர் ஊரும் ஒரு பட்டறையும் ஓர் ஆசானும் இருக்கிறார்கள். இவற்றை வரிசைப்படுத்தி, எங்கே தரம் நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று எழுதச் சொன்னார் தலைவர் ஐயா. மூத்தவர்கள் பேசக் கேட்டே வளர்ந்தவன் நான். அவர்கள் இருக்கும்போது இதை எழுதத் துணிவது அவர்கள் எனக்குக் கொடுத்த இடத்தால்தான்.

செம்பசூச்சில் பூ எது, படையலில் தண்ணீரும் உப்பும் ஏன், குழந்தைகளுக்கு எந்த நாள், பெரியவர்களுக்கு எந்த நாள் என்பதெல்லாம் நம் உறுப்பினர்களுக்கு மனப்பாடம். அவற்றைத் திரும்ப எழுதி மலரின் பக்கங்களை நிரப்பப் போவதில்லை.

தோற்றம் பற்றிய வழக்கு

நம் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது எழும் வாக்குவாதத்தை முதலில் தொட்டுவிட்டு நகர்கிறேன். மெக்சிகோவின் இறந்தோர் விழா மண்ணின் பழைய மக்களுடையதா, ஸ்பானியர் கொண்டுவந்த திருச்சபையுடையதா? 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியேகோ துரான் என்ற துறவி, நாவா மக்களின் நாள்காட்டியில் இறந்தவர்களுக்கென்று இருந்த இரண்டு விழாக்களைக் குறித்துவைத்தார். மிக்கயில்வித்தோந்திலி சிறியவர்களுக்கு, வேய் மிக்கயில்வித்ல் பெரியவர்களுக்கு. இரண்டும் ஆகஸ்டை ஒட்டி வந்தவை. அவற்றைத்தான் மக்கள் சகல புனிதர் நாளுக்கும் சகல ஆன்மாக்கள் நாளுக்கும் மாற்றிக்கொண்டு கொண்டாடுகிறார்களோ என்று அவருக்கு ஐயம் இருந்தது. வரலாற்றாசிரியர் எல்சா மால்வீதோ இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார். கல்லறைக்குப் போவது, எலும்பு வடிவ ரொட்டி, சர்க்கரைப் பண்டம் எல்லாம் இடைக்கால ஐரோப்பியக் கத்தோலிக்க வழக்கங்களே என்று வாதிட்டார்.

நம் பேராசிரியர் ஐயா துரானின் குறிப்பை வைத்து எத்தனையோ மாலைகளில் நமக்கு வகுப்பெடுத்திருக்கிறார். அவருடைய முடிவை மறுக்கும் தகுதி எனக்கில்லை. கைவேலைக்காரனின் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். கோப்பால் பிசின் ஸ்பானியர் வருமுன்பே அங்கே புகைந்தது. சர்க்கரை அவர்களோடுதான் வந்தது. இரண்டும் இன்று ஒரே பீடத்தில் இருக்கின்றன. பீடத்தைக் கட்டும் கை இரண்டையும் ஒரே கவனத்தோடு தொடுகிறதா என்பதுதான் என் கேள்வி. 2003-இல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக அறிவித்ததும், 2008-இல் அதன் பிரதிநிதித்துவப் பட்டியலில் சேர்த்ததும் பழங்குடி மக்கள் தம் இறந்தோருக்கு எடுக்கும் விழா என்ற பெயரில்தான். அந்த மக்களின் கைகளை மறந்துவிட்டு விழாவை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

ஏரிக்கரைப் பாணி

மிச்சோவாகானில் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சுற்றியுள்ள புரேபெச்சா ஊர்களின் பாணியை முதலில் சொல்வதே நம் வட்டத்தில் முறை. நம் மூத்தவர்களில் பலர் முதலில் மனம் பறிகொடுத்தது அங்கேதான். ஹானிட்சியோ தீவில் நவம்பர் முதல் நாள் இரவு பெண்களும் பிள்ளைகளும் கல்லறைக்கு வந்து, பூத்தையல் துணி மூடிய கூடைகளோடு விடியும்வரை மெழுகுவத்திகளின் நடுவே உட்கார்ந்திருப்பார்கள். ஏரிக்கரை ஊர்களில், அந்த ஆண்டு இறந்தவருக்கென்று மஞ்சள் பூவால் வளைவு கட்டிக் கொண்டுபோவார்கள். பழமும் ரொட்டியும் அதில் தொங்கும்.

இந்தப் பாணியின் தரம் காத்திருப்பில் இருக்கிறது. அலங்காரம் குறைவு, பேச்சும் குறைவு. இரவு முழுக்க அசையாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும். சிறுமிகள் தாய்மார் பக்கத்தில் அமர்ந்தே அதைக் கற்கிறார்கள். 1970-களில் மாநில அரசு சுற்றுலாவுக்காக இந்த இரவை விளம்பரப்படுத்தியதிலிருந்து படகு படகாகக் கூட்டம் வருகிறது. அதைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். கூட்டத்தின் நடுவிலும் அந்தப் பெண்கள் தங்கள் இடத்தை விட்டு நகர்வதில்லை என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். ஒரு பாணிக்கு உள்வலிமை இருந்தால் அது பார்வையாளரைத் தாங்கும், அவர்களால் அதை மாற்ற முடியாது.

வெள்ளைப் பீடப் பாணி

புவெப்லா மாநிலத்து வாக்கெச்சூலாவின் பீடங்கள் இதற்கு மறுகோடி. ஓராண்டுக்குள் இறந்தவருக்காக மட்டும் அங்கே பெரிய பீடம் எழும்பும். மரச்சட்டத்தின்மேல் வெள்ளைச் சாட்டின் துணியைக் கொசுவிக் கொசுவி, தட்டுத் தட்டாக, வீட்டுக் கூரையைத் தொடும் உயரத்துக்குக் கட்டுவார்கள். அடித்தட்டு இந்த உலகம். இறந்தவரின் படம் அங்கே இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதை நேராகப் பார்க்க முடியாது, எதிரே வைத்த கண்ணாடியில்தான் முகம் தெரியும். நடுத்தட்டில் தேவதைகள், உச்சியில் சிலுவை. அழும் குழந்தைகளாகச் செய்த சிறு பொம்மைகள் அடித்தட்டில் நிற்கும். தெருவிலிருந்து பீடம்வரை பூவிதழ்ப் பாதை. வருகிறவர் ஒரு மெழுகுவத்தி கொடுப்பார், வீட்டார் மோலே குழம்பும் ரொட்டியும் கொடுத்து உட்காரவைப்பார்கள். முன்பின் தெரியாதவருக்கும் அதே உபசாரம்.

இந்தப் பீடங்களைக் கட்டுவதற்கென்றே அங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். துணியின் கொசுவம் ஒரே அகலத்தில் இறங்க வேண்டும், குண்டூசி கண்ணில் படக் கூடாது, கண்ணாடியில் படம் முழுதாக விழ வேண்டும். இந்த மூன்றையும் வைத்தே ஒருவரின் கையை எடைபோடுவார்கள். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் சாவு இல்லையென்றால் பெரிய பீடமும் இல்லை. இவ்வளவு பெரிய வேலையைச் சில நாளில் பிரித்துவிடுகிறார்களே என்று நம் வட்டத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் வருத்தப்பட்டார். பிரிப்பதும் கட்டுவதில் ஒரு பகுதிதான் தம்பி. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

வாஸ்தெக்காவும் யுகாத்தானும்

வாஸ்தெக்கா வட்டாரத்து ஷாந்தோலோ என்ற இறந்தோர் விழாவை நாம் இன்னும் போதுமான அளவு கவனிக்கவில்லை. சான் லூயிஸ் போத்தோசி, ஹிதால்கோ, வெராக்ரூஸ் மாநிலங்களுக்குப் பொதுவான அந்தப் பகுதியில் விழா நவம்பரில் தொடங்குவதில்லை. ஜூன் 24-ஆம் தேதி, சான் ஹுவான் நாளில், பல ஊர்களில் செம்பசூச்சில் விதையை விதைக்கிறார்கள். அக்டோபர் முடிவில் அந்தப் பூவையும் இலைதழைகளையும் வைத்து வளைவு கட்டுகிறார்கள். முகமூடி தரித்த வெவே ஆட்டக்காரர்கள் வீடு வீடாக வருகிறார்கள். அடுப்புக்கு அடங்காத அளவு பெரிய சகவீல் தமாலேயை ஊரே சேர்ந்து உண்கிறது. கடையில் பூ வாங்கிக் கட்டிய வளைவுக்கும், நான்கு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூவில் கட்டிய வளைவுக்கும் உள்ள தூரம், பார்ப்பவருக்கு உடனே தெரியாது. கட்டியவருக்குத் தெரியும்.

யுகாத்தான் மாயா மக்களின் ஹனல் பிஷான் படையலில் உணவுதான் தலைமை. சோளமாவும் கோழியும் அச்சியோத்தேயும் வாழையிலையில் பொதிந்து மண்குழியில் வெந்து வரும் முக்பில்போயோ இல்லாமல் அங்கே படையல் இல்லை. அருகே கம்பேச்சே மாநிலத்துப் பொமுச் ஊரில், புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து எடுத்த எலும்புகளை மரப்பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை துடைத்து, பூத்தையல் போட்ட புதுத் துணியை விரித்து அதில் வைக்கிறார்கள். பழைய துணி விலகும், புதுத் துணி வரும். அதைக் கேள்விப்பட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தத் துணியின் தையலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் சுளிக்க மாட்டார்.

வஹாக்கா, தொலூக்கா, தலைநகர்

வஹாக்காவைப் பற்றி இந்த மலரிலேயே தனிக் கட்டுரை வருவதாக அறிகிறேன். ஆகவே முகம் பதித்த ரொட்டி, தரையில் வண்ணமணலில் இடும் கம்பளம், ஏத்லா ஊர்களின் இரவு ஊர்வலம் என்று பெயர் சொல்லி நகர்கிறேன். தொலூக்காவின் அல்ஃபெஞீக்கே சர்க்கரை வேலையை நம் டீச்சரம்மா அளவுக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. சர்க்கரையோடு முட்டை வெள்ளைக்கருவும், சௌத்லே என்ற ஆர்க்கிட் கிழங்கின் பசையும் சேர்த்துப் பிசைந்தால்தான் ஆட்டுக்குட்டியின் காது விரலில் நிற்கும் என்று அவர் காட்டியதை மறக்க முடியாது. மண்டையோட்டின் நெற்றியில் பெயர் எழுதுவது கடைசி வேலை. பெயர் எழுதாத மண்டையோடு இன்னும் சரக்குதான் என்பது அவர் வாக்கு.

தலைநகரில் மூன்று ஓடைகள். தெற்கே மீஸ்கிக் ஊரில் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும், மணி ஒலித்ததும் ஆன்மாக்கள் உள்ளே வரும், நவம்பர் 2-ஆம் தேதி மாலை கல்லறை முழுவதும் சுடரேறும். இரண்டாவது, காகிதக்கூழ்ப் பரம்பரை. ஓவியர் தியேகோ ரிவேராவுக்காக யூதாஸ் உருவங்கள் செய்த கார்மென் கபாயேரோவும், லினாரெஸ் வீட்டாரும் அதன் தூண்கள். பேத்ரோ லினாரெஸுக்கு 1990-இல் நாட்டின் தேசிய விருது கிடைத்தபோது தெருக்கலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று தலைநிமிர்ந்தது. மூன்றாவது, அச்சு. மனுவேல் மனீயாவும் அவருக்குப் பின் ஹோசே குவாதலூப்பே பொசாதாவும் வானேகாஸ் அரோயோவின் அச்சகத்துக்குச் செதுக்கிக் கொடுத்த எலும்புக்கூடுகள்தான் இன்று உலகமெங்கும் இந்த விழாவின் முகம்.

பொசாதாவின் முடிவை இங்கே நினைவூட்டத்தான் வேண்டும். 1852-இல் அகுவாஸ்காலியெந்தெஸில் பிறந்து, ஆயிரக்கணக்கான படங்கள் செதுக்கி, 1913-இல் வறுமையில் இறந்தார். இலவசக் கல்லறையில் புதைத்தார்கள். ஆண்டுகள் கழிந்தும் கேட்க ஆள் வராததால் எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். அவர் செதுக்கிய தொப்பிக்காரிக்கு, இன்று கத்ரினா எனப்படுபவளுக்கு, தலையும் தொப்பியும் மட்டும்தான் இருந்தன. 1947-இல் அலமேதா பூங்கா சுவரோவியத்தில் அவளுக்கு உடலும் உடையும் கொடுத்து, பக்கத்தில் பொசாதாவையும் கைகோத்து நிறுத்தியவர் ரிவேரா. கத்ரினா வேடத்தில் இன்று ஊர்வலம் போகிறவர்கள் உடுத்துவது ரிவேரா கொடுத்த உடை. 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் காட்டிய ஊர்வலம் அதற்கு முன் நகரில் இருந்ததில்லை, மறு ஆண்டுதான் நகராட்சி அதை நடத்தத் தொடங்கியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. புதிது பிறப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஊர்வலத்துக்கு வரும் இளைஞர்களில் சிலராவது வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் படத்தைத் தேடி எடுப்பார்கள் என்றே நம்புகிறேன்.

எங்கள் பட்டறை

இனி என் வீட்டுக்கு, நான் கற்ற வெட்டுத்தாளுக்கு, வருகிறேன். புவெப்லா மாநிலத்து சான் சல்வதோர் வீஸ்கொலோத்லாவை வெட்டுத்தாளின் தாயகம் என்று சொன்னால் மற்றப் பாணிக்காரர்கள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பண்ணைக் கடைகளில் விற்ற மெல்லிய வண்ணத்தாளை அங்கே உழைத்த மக்கள் வெட்டிப் பார்த்ததில் இந்தக் கலை தொடங்கியது என்பது ஊர் வழக்கு. 1998-இல் மாநில அரசு இதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஊரில் வீட்டுக்கு வீடு பட்டறை. ஒவ்வொரு பட்டறைக்கும் தனிக் கை.

என் ஆசானின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவர் குடும்பத்தார் விரும்பக்கூடும். நம் உறுப்பினர்களுக்கு அவரைத் தெரியும். அவர் வெட்டிய தாள்கள் நம் கூடத்தில் தொங்கியிருக்கின்றன, இப்போது அவரே நம் படையலுக்கு வரும் விருந்தாளி ஆகிவிட்டார். அவரிடம் போனவர்களுக்கு முதல் பாடம் உளி தீட்டுவது. தாளைத் தொடவே விடமாட்டார். நேர் உளி, பிறை உளி, துளை உளி, வலைக்கண் உளி என்று ஒவ்வொன்றையும் தீட்டி, ஒற்றைத் தாளில் அழுத்திப் பார்த்து, ஓரம் பிசிறாமல் விழுந்தால்தான் அடுத்த உளி.

ஐம்பது தாள்வரை அடுக்கி, மேலே வரைபடத்தை வைத்து, கீழே ஈயத் தகட்டை விரித்து, கொட்டாப்புளியால் அடிப்பது பொது முறை. அதில் எங்கள் பட்டறையின் தனித்தன்மை வரிசையில் இருக்கிறது. முதலில் கண், பல், விரல் போன்ற நுணுக்கம். அதன்பின் பின்னணியின் வலைக்கண். கடைசியாகத்தான் கீழ்விளிம்பின் குஞ்சம். விளிம்பை முதலில் வெட்டினால் அடுக்கு நெகிழ்ந்துவிடும், நுணுக்கம் நகர்ந்துவிடும். மண்டையோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தாங்குவது வலைக்கண்தான். வலையில் ஒரு பாலம் அறுந்தால் காற்று மீதியை அறுத்துவிடும். பக்கத்துப் பட்டறைகள் சிலவற்றில் வலைக்கண்ணைப் பெரிதாக்கி வேகமாக முடிப்பார்கள். அதற்கும் ஓர் அழகு உண்டு, தூரத்திலிருந்து பார்க்கையில் உருவம் நன்றாக எடுக்கும். எங்கள் ஆசான் சின்னக் கண்ணை விட்டுக்கொடுத்ததில்லை.

அவர் தரம் பார்க்கும் முறையை நம் வட்டத்தில் இன்றும் கைக்கொள்கிறோம். வெட்டி முடித்ததும் அடுக்கின் முதல் தாளையும் கடைசித் தாளையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். உளி செங்குத்தாக இறங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கை சாய்ந்திருந்தால் கடைசித் தாளின் கண் விலகி நிற்கும். மேல் தாளைப் பார்த்து யாரையும் பாராட்டியதில்லை அவர். வாங்குபவர் கையில் எந்தத் தாள் போகும் என்று உனக்குத் தெரியாதே, எல்லாருக்கும் இறந்தவர்கள் இருக்கிறார்களே என்பது அவர் நியாயம்.

இன்னொரு நெறியும் உண்டு. போன ஆண்டுத் தாளை இந்த ஆண்டு மாட்டக் கூடாது. எவ்வளவு நன்றாக இருந்தாலும் விழா முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது, வீட்டில் உளி பிடிக்கும் வயது வந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஆண்டு ஒரு தாளாவது வெட்டியிருக்க வேண்டும். வலை அறுந்திருந்தாலும் முகம் கோணியிருந்தாலும் அந்தத் தாள் படையலின் முன்வரிசையில் தொங்கும். ஆசானின் நுணுக்கமான தாள்கள் பின்வரிசைக்குப் போகும். பிள்ளை அடுத்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வெட்டும். ஆசான் அந்தத் தாள்களை எடுத்துவைக்கவில்லை. பிள்ளையின் கை வளர்ந்ததை அவர் மனம்தான் கணக்கு வைத்திருந்தது.

இப்போது எல்லாப் பாணிகளையும் சேர்த்துப் பாருங்கள். தாள் கிழிகிறது. சர்க்கரை கசிகிறது. பூ வாடுகிறது. மணற்கம்பளத்தைக் காற்றும் கால்களும் கலைக்கின்றன. சாட்டின் பீடத்தைப் பிரிக்கிறார்கள். பொமுச்சில் துணியை மாற்றுகிறார்கள். மெழுகு உருகித் தீர்கிறது. இவையெல்லாம் குறைபாடல்ல. இறந்தவர் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறார், நாமும் ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக உழைத்துக் காத்திருக்கிறோம். அழியும் பொருளில் செய்வதால்தான் மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. மறுபடி செய்வதால்தான் அடுத்த தலைமுறைக்குக் கை வருகிறது. இந்த மரபில் தரம் என்பது இதுதான் என்று ஆசான் சொல்லாமலே எங்களுக்குக் காட்டினார்.

மனக்குறை

இதை எழுதியபின் என் மனக்குறையை மறைத்துவைப்பது நேர்மையல்ல. பிளாஸ்டிக் தோரணத்தைச் சொல்கிறேன்.

யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தின் வால் அக்டோபரிலும் நீளும் ஊர்கள் அங்கே உண்டு. தெருவில் மாட்டிய தாள் ஒரே மழையில் கூழாகும் என்ற சிரமம் உண்மை. வெட்டுத்தாளால் வயிறு வளர்க்கும் குடும்பங்கள் பிளாஸ்டிக்கில் வெட்டச் சொல்லிக் கேட்கும் வணிகரைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதும் உண்மை. அவர்கள் மேல் எனக்கு மதிப்புண்டு. லேசர் இயந்திரத்தில் வெட்டும் இளைஞர்களிலும் நல்ல கற்பனை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்மோடு பழகும் அன்பர்கள் சிலரும் தம் நிகழ்ச்சிகளுக்குப் பிளாஸ்டிக் தோரணத்தை மாட்டுகிறார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது.

ஆனாலும் கேட்கிறேன். பிளாஸ்டிக் தோரணம் கிழிவதில்லை. கிழியாததால் இறக்குவதில்லை. ஜனவரியிலும் தொங்குகிறது, ஈஸ்டருக்கும் தொங்குகிறது, வெயிலில் வெளுத்து, எந்த நிறம் என்று தெரியாமல் அடுத்த நவம்பர்வரை தொங்குகிறது. இறந்தவர் வரும்போது அவருக்காக என்ன மாட்டினோம்? அவர் போன ஆண்டு பார்த்துவிட்டுப் போனதையே மறுபடி காட்டுகிறோம். விருந்தாளியை வரவேற்க வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை என்றுதானே அதற்குப் பொருள்?

ஒரு தோரணத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்பார்கள். தோரணத்தோடு நின்றால் நானும் பேசமாட்டேன். பெட்டியில் எடுத்துவைத்து மாட்டும் தோரணம் வந்த வீட்டில் பிள்ளைக்கு உளி வேண்டியதில்லை. உளி வேண்டாத ஊரில் உளி அடிக்கும் கொல்லருக்கு வேலையில்லை. அடுத்து, எரியாத மெழுகுவத்தி வருகிறது, பேட்டரியில் மினுங்குகிறது. உருகாத வத்தியைச் சுற்றி யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை, அணையுமோ என்ற கவலை இல்லாதவர் தூங்கப் போய்விடுவார். அடுத்து, சர்க்கரை மண்டையோட்டின் இடத்தில் சாந்து மண்டையோடு. அதன் நெற்றியில் பெயர் எழுதினாலும் யாரும் தின்ன முடியாது. அடுத்து, தொட்டியில் விற்கும் குட்டைச் செம்பசூச்சில். பார்க்க ஒழுங்காக, எல்லாம் ஒரே உயரம். அது கலப்பின விதையிலிருந்து வந்த செடி, அதன் விதையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடி போல வராது. ஜூன் மாதத்தில் விதைக்கும் கை அங்கேயே நின்றுபோகிறது. அடுத்து, ஆறிய சோறு. ஆவி எழும் உணவின் மணத்தைத்தான் இறந்தவர் ஏற்கிறார் என்று கேட்டு வளர்ந்தவர்களே, போட்டிக்கு வைத்த பீடத்தில் அரக்கு பூசிய ரொட்டியை வைக்கிறார்கள். நடுவர்கள் வந்து பார்க்கும்வரை கெடாமல் இருக்க வேண்டுமாம்.

கெடாமல் இருக்க வேண்டும் என்ற இந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் வேர். கெடாத தாள், கெடாத சுடர், கெடாத பூ, கெடாத ரொட்டி. இந்த வழியே போனால் ஒருநாள் படையல் முழுவதையும் ஒரு பெட்டியில் அடக்கிவிடுவார்கள். நவம்பர் வந்ததும் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு வரும் ஆன்மா வாசலில் நின்று திரும்பிப் போகும் என்றே நான் நினைக்கிறேன். அது வாசலோடு திரும்பினாலும், நாமே திருப்பி அனுப்பினோம் என்று நமக்குத் தெரியவே தெரியாது. அதுதான் எனக்கு அச்சம். 2013-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் இந்த விழாவின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிய முயன்றபோது எதிர்ப்பு எழுந்ததால் அந்த நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. பெயரைக் காக்கக் குரல் எழுந்தது நல்லது. தாளைக் காக்க அதே குரல் எழவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. பெயர் பறிபோனால் வழக்காடி மீட்கலாம், ஒரு தலைமுறை உளி பிடிக்காமல் வளர்ந்துவிட்டால் எந்த நீதிமன்றம் அதைத் திருப்பித் தரும்?

கொஞ்சம் நீட்டிவிட்டேன். மூத்தவர்கள் பொறுக்க வேண்டும். வீஸ்கொலோத்லாவில் இன்றும் கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும் தெருக்கள் உண்டு என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன்.

நம் படையலுக்கு

மலர் வெளியாகும் வேளையில் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகல்ல. வட்டத்தின் அடுத்த படையலுக்காகச் சில நெறிகளை மூத்தவர்கள் முன் பணிவோடு வைக்கிறேன். போன ஆண்டுப் பொருள் எதுவும் பீடம் ஏறக் கூடாது, புகைப்படங்களும் மண் கலங்களும் மட்டும் விலக்கு. பெயரில்லாத படையல் வைக்கக் கூடாது, ஒவ்வொரு குடும்பமும் தம் இறந்தவர் ஒருவரின் பெயரையாவது சொல்லி வைக்க வேண்டும். உணவு அடுப்பிலிருந்து நேரே வர வேண்டும். விளக்கு எரிந்து தீர வேண்டும், தீரும்வரை முறைவைத்து ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெட்டிய தாள் முன்வரிசைக்கு. வட்டத்துக்குச் சொந்தமான உளிகளை டீச்சரம்மா வீட்டிலிருந்து என் வீட்டுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தீட்டவும் வெட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன்.

பூவைப் பற்றி ஒன்று. ஆயுத பூஜைக்கு நாம் கட்டும் செண்டுமல்லியின் பூர்வீகம் மெக்சிகோதான், அங்கே செம்பசூச்சில் என்று அழைப்பதும் அதையேதான். எனவே பூவுக்கு நமக்குப் பஞ்சமில்லை. கடையில் வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நம் ஊர் வெயிலுக்கு ஜூனில் விதைத்தால் பூ முந்திவிடும், ஆகஸ்டில் விதைத்தால் அக்டோபர் கடைசிக்குச் சரியாக இருக்கும். சென்ற ஆண்டுப் பூவிலிருந்து எடுத்த நாட்டு விதை என்னிடம் இருக்கிறது. மலர் வெளியீட்டு விழாவுக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொட்டலம் கட்டிவைத்திருக்கிறேன். மறக்காமல் வாங்கிக்கொண்டு போய் விதையுங்கள்.